டிஜிட்டல் டூல் வச்சு முதல் தடவ கிளாஸ் எடுக்கப் போறீங்களா, இத ஒரு தடவ படிச்சுட்டுப் போங்க

முதல்லயே சொல்லிடறேன், இது டீச்சர்ஸுக்கான டாப் 50 ஆப்ஸ் மாதிரி லிஸ்ட் கிடையாது. அந்த மாதிரி லிஸ்ட் எல்லாத்தையும் நானும் ட்ரெய்னிங்ல இருந்தப்போ சேவ் பண்ணி வச்சேன், போன்ல 19 ஆப் இருந்துச்சு, கிளாஸ்ல உருப்படியா யூஸ் ஆனது நாலே நாலுதான், அதுலயும் ஒண்ணு போன்லயே வர்ற கேமரா. அதனால இப்போதான் டீச்சிங் பிராக்டிஸுக்குப் போறவங்க, கைடு டீச்சர் "ஏதாவது டெக்னாலஜி யூஸ் பண்ணுங்க"ன்னு சொல்லிட்டாங்களேன்னு முழிக்கறவங்க, உங்களுக்காக எங்க ஆரம்பிக்கணும், எது எங்க சொதப்பும்னு வரிசையா எழுதறேன்.

நான் லேட்டா புரிஞ்சுக்கிட்டது ஒண்ணுதான். ஸ்கிரீன்ங்கிறது பசங்களுக்கு காட்டறதுக்குன்னு நினைச்சா ஸ்லைடு மேல ஸ்லைடா போட்டுட்டே போவோம், பசங்க பாத்துட்டே உக்காந்திருப்பாங்க. அதே ஸ்கிரீன் பசங்ககிட்ட கேக்கறதுக்குன்னு நினைச்சா ஒரே ஒரு ஸ்லைடு போதும், பீரியடே ஓடிடும். கீழ எழுதறதெல்லாம் இத வச்சுதான்.

லெசன் பிளான்ல டூல் பேர கடைசியா எழுதுங்க

நம்ம எல்லாரும் பண்றது என்னன்னா, டீச்சிங் எய்டுன்னு இருக்கற காலத்துல முதல்ல பிபிடின்னு எழுதிட்டு அப்புறம்தான் பாடத்தயே திறப்போம். அத தலைகீழா பண்ணுங்க. இந்தப் பாடத்துல பசங்க எங்க தப்பு பண்ணுவாங்கன்னு முதல்ல ஒரு வரி எழுதுங்க. உதாரணத்துக்கு பின்னம் நடத்தறீங்கன்னா "1/4தான் 1/3ஐ விட பெருசுன்னு சொல்லுவாங்க, ஏன்னா 4 பெருசு." அவ்ளோதான். அந்தத் தப்ப வெளிய கொண்டு வர்றதுக்கு கரும்பலகை போதுமான்னு பாருங்க. போதும்னா சாக்பீஸே எடுங்க, அதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல.

டூல் எப்போ வேணும்னா, பலகைல காட்ட முடியாதது ஏதாவது இருந்தா. அசையணும், ரொம்ப சின்னதா இருக்கு, ரொம்ப வேகமா நடக்குது, இல்லன்னா 40 பேரோட பதிலும் ஒரே நேரத்துல தெரியணும். இந்த நாலுல ஒண்ணு கூட இல்லன்னா டூல் வேணாம். ட்ரெய்னிங்ல டிபேக்னு மூணு வட்டம் வரைய வச்சிருப்பாங்களே, மிஸ்ரா, கோலர்னு ரெண்டு புரொபசருங்க 2006ல எழுதுனது, பாடம், சொல்லிக் குடுக்கற முறை, டெக்னாலஜி மூணும் சேர்ற இடம்னு, அது பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணப்போ எனக்கு ஒண்ணும் ஏறல, இந்த மாதிரி ஒரு வரி எழுதிப் பாத்தப்போதான் அந்த வட்டமெல்லாம் எதுக்குன்னு புரிஞ்சுது.

கிளாஸுக்கு முந்தின நாளே ரூம போய்ப் பாருங்க

இது போரான வேலதான், ஆனா முதல் வாரத்துல மானத்தக் காப்பாத்தறது இதான். உங்க லேப்டாப்ப எடுத்துட்டுப் போய் அதே ரூம்ல, அதே ப்ரொஜெக்டர்ல மாட்டிப் பாருங்க. வீட்ல ஓடுச்சுங்கிறதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல.

கேபிள் என்னன்னு பாருங்க. எச்டிஎம்ஐன்னா படமும் சவுண்டும் ஒரே ஒயர்ல போயிடும், பழைய விஜிஏ ஒயர்ன்னா (நீல கலர், ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ இருக்கும்) படம் மட்டும்தான் போகும், சவுண்டுக்கு தனி ஒயரோ ஸ்பீக்கரோ வேணும். எச்டிஎம்ஐலயும் ஒரு கூத்து இருக்கு, மாட்டுன உடனே லேப்டாப் சவுண்ட ப்ரொஜெக்டருக்கு அனுப்பிடும், ப்ரொஜெக்டர்ல ஸ்பீக்கர் இருக்காது இல்ல இருந்தாலும் கொசு கத்தற மாதிரி இருக்கும், நீங்க வால்யூம் பட்டன அமுக்கிட்டே இருப்பீங்க. கீழ ஸ்பீக்கர் ஐக்கான்ல போய் அவுட்புட்ட மறுபடி லேப்டாப்புக்கோ தனி ஸ்பீக்கருக்கோ மாத்தணும். புது லேப்டாப்ல யூஎஸ்பி சி மட்டும்தான் இருக்குன்னா அடாப்டர் வேணும், எல்லா சி போர்ட்லயும் வீடியோ வெளிய வராது, அதனால அதயும் முன்னாடியே மாட்டிப் பாத்துடுங்க.

விண்டோஸ்ல விண்டோஸ் கீயும் பி (P) கீயும் சேத்து அமுக்குனா நாலு ஆப்ஷன் வரும். ஆரம்பத்துல டூப்ளிகேட்லயே இருங்க, நீங்க பாக்கறதுதான் பசங்களும் பாப்பாங்க, குழப்பம் இல்ல. எக்ஸ்டெண்டு பழகினா ரொம்ப வசதி, நோட்ஸ் உங்களுக்கு மட்டும் தெரியும், ஆனா முதல் நாள் வேணாம், மவுஸ் எங்க போச்சுன்னு தேடறதுலயே அஞ்சு நிமிஷம் போயிடும்.

அப்புறம் கடைசி பெஞ்சுல போய் உக்காருங்க. உண்மையாவே உக்காருங்க, நின்னு பாத்தா கணக்கு வேற. எழுத்து தெரியுதா, ஜன்னல் வெளிச்சம் ஸ்கிரீன்ல விழுதா, முன்னாடி இருக்கற தலைங்க கீழ் பாதிய மறைக்குதா. நான் பாத்த முக்கால்வாசி ரூம்ல ஸ்கிரீனோட கீழ் கால்வாசி பின் பெஞ்சுக்குத் தெரியாது, அதனால முக்கியமான எதயும் ஸ்லைடோட அடியில வைக்காதீங்க.

தமிழ்ல ஸ்லைடு பண்றவங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல டைப் பண்ண ஃபைல அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா கலந்து ஏதோ சாபம் விட்ட மாதிரி வரும். யாராவது சீனியர் குடுத்த பழைய நோட்ஸ காப்பி பண்ணி போடும்போது இதுல கண்டிப்பா மாட்டுவீங்க. யூனிகோடுக்கு (எந்தக் கம்ப்யூட்டர்லயும் தமிழாவே தெரியற எழுத்து முறை) மாத்திட்டு டைப் பண்ணுங்க, அதோட ஃபைல பிடிஎஃப்பாவும் ஒரு காப்பி சேவ் பண்ணி பென்டிரைவ்ல போட்டுக்கோங்க. பிடிஎஃப் எங்க திறந்தாலும் அப்படியே இருக்கும்.

ஸ்லைடு: கம்மியா, அதுலயும் கேள்வியா

ஸ்லைடுல பத்தி பத்தியா எழுதி அத அப்படியே வாசிக்கறது, நம்ம எல்லாரும் ஒரு தடவயாவது பண்ணியிருப்போம். கண்ணு ஒரு வேகத்துல படிக்குது, காது வேற வேகத்துல கேக்குது, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இடிச்சுக்கும். ரிச்சர்டு மேயர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் இத வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணியிருக்கார், படம் போட்டு வாயால விளக்குனா நல்லா ஏறுது, அதே பேச்சையே எழுத்தாவும் ஸ்கிரீன்ல சேத்துப் போட்டா கெட்டுப் போகுதுன்னு. அழகுக்காக ஓரத்துல ஆடிட்டு இருக்கற கார்ட்டூன் பொம்மையும் அதே கதைதான், பசங்க பொம்மையத்தான் பாப்பாங்க, நான் பையனா இருந்தாலும் அதத்தான் பாப்பேன்.

என் கணக்கு, 40 நிமிஷ பீரியடுக்கு 5, 6 ஸ்லைடு. எழுத்து சைஸ் 28க்குக் கீழ போகாதீங்க. அதுல பாதியாவது கேள்வியா இருக்கட்டும்.

யாரும் சொல்லித் தராத ஒரு கீ இருக்கு, பி (B, பிளாக்ல வர்ற பி). ஸ்லைடுஷோ ஓடும்போது கீபோர்டுல பி அமுக்குனா ஸ்கிரீன் கருப்பாயிடும், மறுபடி அமுக்குனா திரும்பி வரும். பவர்பாயிண்ட், கூகுள் ஸ்லைட்ஸ், லிப்ரே ஆபீஸ் மூணுலயும் வேலை செய்யுது. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா ஸ்கிரீன் எரியற வரைக்கும் பசங்க உங்க மூஞ்சிய பாக்க மாட்டாங்க. ஒரு பையன் எழுந்து நின்னு பதில் சொல்லும்போது பி அமுக்கிப் பாருங்க, கிளாஸ் மொத்தமும் அவன் பக்கம் திரும்பும். பவர்பாயிண்ட்ல ஸ்லைடு நம்பர அடிச்சு என்டர் தட்டுனா நேரா அந்த ஸ்லைடுக்குப் போயிடும், ஷிஃப்டும் எஃப்5ம் அமுக்குனா இப்போ இருக்கற ஸ்லைடுல இருந்து ஆரம்பிக்கும். இந்த மூணு தெரிஞ்சா போதும், டிரான்ஸிஷன் எஃபெக்ட் எல்லாம் மறந்துடுங்க.

நோட்டிஃபிகேஷன்: என் கதை

என் முதல் அப்சர்வேஷன் கிளாஸ். கைடு டீச்சர் கடைசி பெஞ்சுல நோட்டும் பேனாவுமா உக்காந்திருக்காங்க. நான் ரொம்ப ஸ்டைலா "இப்ப இந்தப் படத்த எல்லாரும் கவனிங்க"ன்னு சொல்லிட்டு திரும்பறேன், ஸ்கிரீன் ஓரத்துல மெசேஜ் குதிக்குது, எங்க அண்ணன்: "டேய் லூசு என் சார்ஜர எடுத்துட்டுப் போயிட்டியா". கிளாஸ் மொத்தமும் சத்தமா படிச்சுட்டாங்க. எல்லாரும் கவனிச்சாங்க, அது என்னவோ உண்மை. அந்த மாசம் முழுக்க காரிடார்ல நான் நடந்தா பின்னாடி இருந்து "சார்... சார்ஜர்"னு ஒரு குரல் கேக்கும்.

அதனால லேப்டாப்ல டூ நாட் டிஸ்டர்ப் போடுங்க, வாட்ஸ்ஆப் வெப் லாக் அவுட் பண்ணுங்க, பிரவுசர்ல கிளாஸுக்குன்னு தனி ப்ரொஃபைல் ஒண்ணு வச்சுக்கோங்க. தனி ப்ரொஃபைல்ல இன்னொரு லாபம், சர்ச் பாக்ஸ்ல ஒரு எழுத்து அடிச்ச உடனே நீங்க ராத்திரி தேடுனதெல்லாம் வரிசையா வந்து நிக்காது.

முதல் டூல் உங்க போன் கேமராதான்

ஏதாவது ஒண்ணுல ஆரம்பிக்கணும்னா இதுல ஆரம்பிங்கன்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது. பெருசா செட்டப் கிடையாது. பசங்க நோட்டுல கணக்கு போட்டுட்டு இருக்கும்போது நடுவுல நடந்து போய், ரெண்டு மூணு பேர்கிட்ட கேட்டுட்டு அவங்க நோட்ட போட்டோ எடுங்க, பேர் தெரியாத மாதிரி. ப்ரொஜெக்டர்ல போட்டு "இதுல எந்த ஸ்டெப் வரைக்கும் சரி?"ன்னு கேளுங்க. எது தப்புன்னு கேக்காதீங்க, எது வரைக்கும் சரின்னு கேளுங்க, நோட்டுக்குச் சொந்தக்காரனுக்கு அது எவ்ளோ பெரிய வித்தியாசம்னு அவன் மூஞ்சியில தெரியும்.

நாலு புக்க அடுக்கி மேல போன வச்சு கேமரா கீழ பாக்கற மாதிரி ஒரு ஓரமா நீட்டிட்டா அதுவே விசுவலைசர். நீங்க பேப்பர்ல வரைய வரைய ஸ்கிரீன்ல தெரியும். காம்பஸ் வச்சு கோணம் வரையறது, நுண்ணோக்கி ஸ்லைடு தயார் பண்றது, இதெல்லாம் முன் பெஞ்சுக்கு மட்டும் தெரிஞ்ச காலம் போச்சு. போன லேப்டாப்போட இணைக்கறதுக்கு சுலபமான வழி, ரெண்டுலயும் ஒரே வீடியோ மீட்டிங்ல சேந்துடறது, ஒண்ணுல மைக்கும் ஸ்பீக்கரும் ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா வீல்னு கத்தும்.

ரெண்டாவது: எல்லாரோட பதிலும் ஒரே நேரத்துல

நம்ம கேள்வி கேட்டா கை தூக்கறது அதே அஞ்சு பேர். அவங்க சரியா சொன்ன உடனே "வெரி குட், புரிஞ்சுதா?"ன்னு கேட்டு, "புரிஞ்சுதுசாஆஆர்"னு கோரஸ் வாங்கிட்டு அடுத்ததுக்குப் போயிடறோம். மிச்ச 35 பேர் மண்டைக்குள்ள என்ன ஓடுதுன்னு நமக்குத் தெரியவே தெரியாது. டிஜிட்டல் டூல்ல எனக்கு உண்மையான பிரயோஜனம் இருந்தது இங்கதான்.

பசங்ககிட்ட போன் இல்ல, ஸ்கூல்ல அனுமதியும் இல்லன்னா பிளிக்கர்ஸ்னு (Plickers) ஒரு ஆப் இருக்கு, அத பாருங்க. ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பேப்பர் கார்டு, கருப்பு வெள்ளைல க்யூஆர் கோடு மாதிரி ஒரு டிசைன், நாலு பக்கமும் பொடி எழுத்துல ஏ, பி, சி, டி. தன்னோட பதில் மேல வர்ற மாதிரி கார்ட திருப்பிப் பிடிக்கணும். நீங்க உங்க போன்ல ஆப்ப திறந்து கிளாஸ சும்மா ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரத்துக்கு காட்டுனா போதும், யார் என்ன பதில்னு வந்துடும். ஒவ்வொரு கார்டு டிசைனும் வேற வேற, அதனால பக்கத்துல எட்டிப் பாத்து காப்பி அடிக்க முடியாது. இன்டர்நெட் உங்க போனுக்கும் லேப்டாப்புக்கும் மட்டும் இருந்தா போதும்.

சாதாரண பேப்பர்லயே பிரிண்ட் எடுங்க. நான் ரொம்ப நாள் உழைக்கட்டும்னு பளபளன்னு லேமினேட் பண்ணி, லைட் அதுல பட்டு கண்ணாடி மாதிரி அடிச்சு, பாதி கார்டு ஸ்கேனே ஆகல. பசங்க விரல் டிசைன் மேல இருந்தாலும் எடுக்காது, ஓரத்த பிடிக்கச் சொல்லுங்க. முதல் தடவ கார்டு பிடிக்கப் பழக்கறதுக்கே 10 நிமிஷம் ஆகும், அதுக்குன்னு பாடத்துல இல்லாத ஜாலியான கேள்வி ரெண்டு வச்சுக்கோங்க.

இப்போ அந்த பின்னம் கேள்வி. எது பெருசு? ஏ 1/3, பி 1/4, சி ரெண்டும் சமம், டி தெரியல. (டி தெரியலங்கிறத கண்டிப்பா வைங்க, இல்லன்னா தெரியாதவன் குருட்டாம்போக்குல திருப்புவான், உங்க கணக்கு பாழ்.) 38 பேர்ல 13 பேர் ஏ, 21 பேர் பி. நான் அதுக்கு முந்தின நாள்தான் இத "முடிச்சிருந்தேன்", எல்லாரும் புரிஞ்சுதுன்னு கோரஸ் பாடியிருந்தாங்க.

இந்த இடத்துல ரெண்டு விஷயம் பண்ணக் கூடாது. ஒண்ணு, ரிசல்ட் கிராஃப ஸ்கிரீன்ல காட்டக் கூடாது, காட்டுனா அடுத்த தடவ எல்லாரும் உயரமான குச்சிக்கு சாஞ்சுடுவாங்க. ரெண்டு, சரியான விடைய சொல்லக் கூடாது, இது ரொம்பக் கஷ்டம், நாக்கு நுனியில நிக்கும். "பக்கத்துல இருக்கறவன் வேற பதில் சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷத்துல அவன ஒத்துக்க வைங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு நகந்துடுங்க. மூணாவது பெஞ்சுல ஒரு பொண்ணு ரஃப் நோட்டுல இருந்து தாள கிழிச்சு பக்கத்துல இருந்தவகிட்ட "இத மூணு பேருக்கு கிழிச்சா உனக்கு பெருசா வருமா, நாலு பேருக்கு கிழிச்சா பெருசா வருமாடி, சொல்லு"ன்னு கேட்டா. நான் ஒரு பீரியட் முழுக்க பீட்சா வட்டம் வரைஞ்சு சொன்னத அவ ஒரு தாள்ல முடிச்சுட்டா. மறுபடி ஸ்கேன் பண்ணப்போ 31 பேர் ஏ.

இது நான் கண்டுபிடிச்சது இல்ல, ஹார்வர்டுல எரிக் மஸூர்னு ஒரு பிசிக்ஸ் புரொபசர் 1991ல இருந்து இத பண்ணிட்டு வர்றார், பியர் இன்ஸ்ட்ரக்‌ஷன்னு பேரு. அதுல ஒரு உபயோகமான கணக்கு இருக்கு. முதல் ரவுண்டுல 30 பர்சென்ட்ல இருந்து 70 பர்சென்டுக்குள்ள சரியா சொன்னாங்கன்னா பேச விடுங்க. 30க்கு கீழன்னா பேசி பிரயோஜனம் இல்ல, நீங்கதான் திரும்ப நடத்தணும். 70க்கு மேலன்னா சுருக்கமா விளக்கிட்டு அடுத்ததுக்குப் போங்க.

பசங்க கையில டிவைஸ் இருந்தா கஹூட் மாதிரி க்விஸ் இருக்கு, நார்வேல இருந்து 2013ல வந்தது, பசங்களுக்கு உயிர். ஆனா அது வேகத்துக்கு பாயிண்ட் குடுக்குது, அதனால யோசிக்கற பையன் தோப்பான், அவசரக்காரன் ஜெயிப்பான். செட்டிங்ஸ்ல ஒவ்வொரு கேள்விக்கும் டைம 4 நிமிஷம் வரைக்கும் கூட்டலாம், பாயிண்டே இல்லாமலும் வைக்கலாம். வாரக் கடைசில ஜாலிக்கு வேகமா ஓட்டுங்க, புது கான்செப்ட் நடத்தற அன்னைக்கு மெதுவா ஓட்டுங்க.

சிமுலேஷன்: முதல்ல சொல்லட்டும், அப்புறம் ஓட்டுங்க

சிமுலேஷன்னா நிஜத்துல நடக்கறத ஸ்கிரீன்லயே மாத்தி மாத்தி ஓட்டிப் பாக்கறது. அதுக்கு சயின்ஸ் டீச்சருக்கு ஃபெட் (PhET), மேத்ஸ் டீச்சருக்கு ஜியோஜீப்ரா (GeoGebra). ரெண்டும் ஃப்ரீயாவே கிடைக்குது. ஃபெட் 2002ல கொலராடோ யுனிவர்சிட்டில ஆரம்பிச்சது, ஆரம்பிச்ச கார்ல் வீமன் அதுக்கு முந்தின வருஷம்தான் பிசிக்ஸ் நோபல் வாங்குனவர். ஜியோஜீப்ரா 2001ல சால்ஸ்பர்க் யுனிவர்சிட்டில மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் மாஸ்டர்ஸ் தீசிஸுக்காக பண்ணது. ஃபெட் சிமுலேஷன டவுன்லோட் பண்ணி வச்சுட்டா நெட் இல்லாமலும் ஓடும், ஜியோஜீப்ராவுக்கும் ஆஃப்லைன் ஆப் இருக்கு.

இதுல புதுசா வர்றவங்க பண்ற தப்பு, திறந்த உடனே பட்டன அமுக்கிக் காட்டிடறது. அமுக்காதீங்க. சர்க்யூட் சிமுலேஷன்னா பேட்டரி, ஒரு பல்பு மாட்டுங்க, ரெண்டாவது பல்ப அதே வரிசைல மாட்டுனா முதல் பல்போட வெளிச்சம் கூடுமா குறையுமா அப்படியே இருக்குமான்னு கேளுங்க, நோட்டுல எழுதச் சொல்லுங்க, எழுதி முடிச்சப்புறம் மாட்டுங்க. எழுதாம விட்டா பதில் வந்த உடனே எல்லாரும் "நான் அப்பவே நினைச்சேன்"னு சொல்லுவாங்க. (ஒயர மட்டும் பேட்டரிக்கு ரெண்டு பக்கமும் சேத்து மாட்டுனா ஸ்கிரீன்ல தீ பிடிக்கும், பசங்க எப்படியும் கண்டுபிடிச்சுடுவாங்க, நீங்களே முதல்ல காட்டி ஷார்ட் சர்க்யூட்னா இதான்னு சொல்லிட்டா அதுவும் பாடமாயிடும்.)

ஜியோஜீப்ரால எனக்கு நடந்தது. முக்கோணத்தோட மூணு கோணமும் சேந்து 180 டிகிரி, ஒரு முனைய பிடிச்சு இழுத்தா கோணம் மாறும், கூட்டல் மாறாது, அவ்ளோதான் பிளான். ஸ்கிரீன்ல தசமம் எல்லாம் தெரிஞ்சா பசங்க குழம்புவாங்கன்னு ரவுண்டிங்க ஜீரோ தசமத்துல வச்சுட்டேன், புத்திசாலித்தனம்னு நினைப்பு. ஒரு பையன கூப்பிட்டு இழுக்கச் சொன்னேன். 60, 61, 60னு நின்னுச்சு. பின்னாடி இருந்து ஒருத்தன், "சார், 181 வருது".

எனக்கு வேர்த்துடுச்சு. நான் முதல்ல நினைச்சது சாஃப்ட்வேர்ல ஏதோ பக்குன்னு. அப்புறம் ரவுண்டிங்க ஒரு தசமத்துக்கு மாத்துனேன், 59.6, 60.7, 59.7ன்னு காட்டுச்சு, கூட்டிப் பாத்தா 180. மூணுமே மேல் பக்கமா ரவுண்ட் ஆகி ஒரு டிகிரிய திருடியிருக்கு, இல்ல சேத்திருக்கு. அப்போ 179 வர வைக்க முடியுமாடான்னு கேட்டேன், அவ்ளோதான், மிச்ச 20 நிமிஷம் முனைய இழுத்து இழுத்து 179 தேடறதுலயே போச்சு, கண்டுபிடிச்சும் காட்டுனாங்க. லெசன் பிளான்படி ஒண்ணும் நடக்கல. ஆனா முன்னாடியே நானா இழுத்துப் பாத்திருந்தா வேர்த்திருக்காது, அதனால நீங்க கிளாஸ்ல யூஸ் பண்ணப் போற எதயும் முந்தின நாள் ஒரு குறும்புக்காரப் பையன் மாதிரி நோண்டிப் பாருங்க.

வீடியோ

மூணு நிமிஷத்துக்கு மேல ஒரே மூச்சுல போடாதீங்க, டவுன்லோட் ஆப்ஷன் இருந்தா முன்னாடியே எடுத்து வைங்க, விளம்பரம் எது வரும்னு உங்க கையில இல்ல. யூடியூப்ல கே அமுக்குனா நிக்கும், ஜே 10 செகண்ட் பின்னாடி, எல் 10 செகண்ட் முன்னாடி. நிறுத்தி வச்சிருக்கும்போது கமாவும் முற்றுப்புள்ளியும் ஒவ்வொரு ஃப்ரேமா நகத்தும், பந்து தரைல பட்டு எகிறறத ஃப்ரேம் ஃப்ரேமா காட்டறதுக்கு இத விட சுலபமான வழி இல்ல. முக்கியமான இடத்துக்கு முன்னாடி நிறுத்தி "அடுத்து என்ன ஆகும்?" கேளுங்க. சவுண்ட ஆஃப் பண்ணிப் போட்டு பசங்களயே கமெண்டரி சொல்ல விடறதும் நல்லா ஒர்க் அவுட் ஆகும், மொழிப்பாடத்துல குறிப்பா.

பசங்க கையிலயே டிவைஸ் குடுக்கற அன்னைக்கு

லேப் பீரியடோ, டேப்லட்டோ. ஒரு டிவைஸுக்கு ரெண்டு பேர், ஒருத்தர் கீபோர்டு, இன்னொருத்தர் பேப்பர், 7 நிமிஷத்துக்கு ஒரு தடவ மாத்தணும். மூணு பேர்னா மூணாவது ஆள் ஜன்னல் வழியா வேடிக்கதான் பாப்பான். இன்ஸ்ட்ரக்‌ஷன டிவைஸ குடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லி முடிங்க, குடுத்தப்புறம் நீங்க பேசறது யார் காதுலயும் விழாது. லிங்க பலகைல எழுதாதீங்க, ஒரு எழுத்து தப்பா அடிச்சு 12 பேர் 12 இடத்துக்குப் போவாங்க, க்யூஆர் கோடோ சின்னதாக்குன லிங்கோ குடுங்க. பேச வேண்டி வந்தா "மூடி 45 டிகிரி"ன்னு ஒரு சொல் பழக்கி வைங்க, லேப்டாப் மூடிய பாதி சாய்க்கணும், வேலை அழியாது, கண்ணும் ஸ்கிரீன்ல இருக்காது. எல்லாரும் ஒரே நேரத்துல லாகின் பண்ணா வைஃபை மூச்சு வாங்கும், பெஞ்சு பெஞ்சா ஆரம்பிக்க விடுங்க.

ஷேர்டு டாக்குமெண்ட் குடுக்கும்போது எல்லாருக்கும் எடிட் பெர்மிஷன் போட்டு ஒரே ஃபைல குடுத்தேன் ஒரு தடவ. எவனோ எல்லாத்தையும் செலக்ட் பண்ணி டெலிட் அடிச்சுட்டான், 40 பேரும் ஒரே குரல்ல "சாஆஆர்". வெர்ஷன் ஹிஸ்டரில போனா பழசு திரும்பக் கிடைக்கும், பதறாதீங்க. கூகுள் டாக்ஸ்னா லிங்க் கடைசில எடிட்னு இருக்கற வார்த்தைய தூக்கிட்டு காப்பின்னு இங்கிலீஷ்ல போட்டு அனுப்புனா ஒவ்வொருத்தருக்கும் தனி காப்பி கேக்கும், இந்த ரகளையே வராது.

ஹோம்வொர்க்குக்கு ஃபார்ம்ஸ்

கூகுள் ஃபார்ம்ஸ்ல செட்டிங்ஸ் போய் க்விஸ்னு ஆன் பண்ணிட்டா அதுவே திருத்தி மார்க் போடும். திருத்தற வேல மிச்சம்னு சந்தோஷப்படறதுக்கு முன்னாடி ஒண்ணு, எழுதற மாதிரி கேள்வி வச்சா அது எழுத்துக்கு எழுத்து பொருத்திதான் பாக்கும். நீங்க விடை "30 செ.மீ"ன்னு வச்சிருந்து பையன் "30செமீ"ன்னு அடிச்சா ஜீரோ. அலகு கேள்வியிலயே இருக்கட்டும், விடைல வெறும் எண் மட்டும் கேளுங்க. தப்பான ஆப்ஷன தொட்டா அதுக்கான விளக்கம் இருக்கற செக்‌ஷனுக்குப் போற மாதிரியும் வைக்கலாம், பண்ண ஒரு மணி நேரம் ஆகும், ஆனா அடுத்த வருஷமும் ஓடும். வீட்ல நெட் இல்லாத பசங்க இருப்பாங்க, அவங்களுக்கு அதே கேள்வி பேப்பர்ல, "உனக்கு மட்டும் ஏன் பேப்பர்"னு யாரும் கேக்காத மாதிரி, யாருக்கு வேணாலும் பேப்பர் கிடைக்கும்னு பொதுவா சொல்லிடுங்க.

ஏஐ

2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்ததுல இருந்து இத கேக்காத ட்ரெய்னி கிடையாது. லெசன் பிளான மொத்தமா அதுகிட்ட எழுதி வாங்காதீங்க, அது யாரோ முகம் தெரியாத கிளாஸுக்கு எழுதும், கைடு டீச்சர் ரெண்டாவது வரியிலயே கண்டுபிடிச்சுடுவாங்க. எனக்கு அது நல்லா உதவுறது ஒரு விஷயத்துல: "இந்தக் கேள்விக்கு பசங்க சொல்ற பத்து தப்பான பதில் குடு, ஒவ்வொண்ணுக்கும் என்ன நினைச்சு அப்படி சொல்லுவாங்கன்னும் சொல்லு." பத்துல நாலு தேறும், மல்டிபிள் சாய்ஸ் கேள்விக்கு அது போதும். கணக்கயும் வருஷத்தயும் நீங்களே சரி பாருங்க, தப்பயும் அது அதே தைரியத்தோட சொல்லும். பசங்க பேரு, மார்க்கு, வீட்டு விஷயம் எதயும் அதுல போடாதீங்க.

பையன் ஏஐல எழுதிட்டு வந்துட்டானான்னு கண்டுபிடிக்கற டூல நம்பி யாரையும் குத்தம் சொல்லாதீங்க. ஓபன்ஏஐயே தான் பண்ண டிடெக்டர சரியா வேலை செய்யலன்னு 2023 ஜூலைல எடுத்துடுச்சு. சந்தேகமா இருந்தா பக்கத்துல உக்கார வச்சு "இந்த மூணாவது பாரால என்ன சொல்ல வர்ற?"ன்னு கேளுங்க, ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

பசங்க சம்பந்தமான விஷயத்துல கொஞ்சம் பயம் இருக்கட்டும்

முக்காவாசி சர்வீஸ்ல சொந்த அக்கவுண்டுக்கு குறைஞ்சது 13 வயசாவது கேப்பாங்க, சின்ன பசங்கள பொய் வயசு போட வச்சு அக்கவுண்ட் திறக்காதீங்க. பேருக்குப் பதிலா ரோல் நம்பர் போதும். மார்க் ஷீட்ட ப்ரொஜெக்டர்ல திறக்காதீங்க, ஒரு செகண்ட் தெரிஞ்சாலும் ஒருத்தன் பாத்துடுவான், அது அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சுடும். மூஞ்சி தெரியற போட்டோவ ஸ்டேட்டஸ்ல வைக்கறதுக்கு முன்னாடி ஸ்கூல்லயும் பெத்தவங்ககிட்டயும் அனுமதி வேணும், "சும்மா கிளாஸ் போட்டோதானே"ன்னு நினைக்கறதுதான் சிக்கல்.

கரண்ட் போச்சு, நெட் போச்சு

போகும். நீங்க அப்சர்வேஷன்ல இருக்கற அன்னைக்குப் பாத்து போகும். நான் வச்சுக்கிற ரூல், மூணு நிமிஷம். மூணு நிமிஷத்துல சரியாகலன்னா லேப்டாப்ப மூடிட்டு சாக்பீஸ எடுக்கறது. ஒயர ஆட்டிட்டு, பசங்ககிட்ட "ஒன் மினிட் ஒன் மினிட்"னு சொல்லிட்டு நிக்கற 10 நிமிஷத்துல கிளாஸ் உங்க கைய விட்டுப் போயிடும், அப்புறம் ப்ரொஜெக்டர் வந்தாலும் பசங்க வர மாட்டாங்க. பசங்க எங்க தப்பு பண்ணுவாங்கன்னு முதல்லயே ஒரு வரி எழுதச் சொன்னேனே, அது இதுக்கும்தான், அத வச்சு பண்ண ஏ பி சி டி கேள்விய பலகைல எழுதி, கண்ண மூடிட்டு விரல் காட்டச் சொல்லுங்க, ஏ-க்கு ஒரு விரல், பி-க்கு ரெண்டு. பிளிக்கர்ஸ் பண்ற வேலைல முக்கால்வாசி இதுலயே நடந்துடும்.

கைடு டீச்சர் இத பாத்துட்டு மார்க் குறைப்பாங்களோன்னு பயம் இருக்கும். நான் அப்சர்வேஷன்ல வாங்குன நல்ல ரிமார்க்குல ஒண்ணு ப்ரொஜெக்டர் வேலை செய்யாத கிளாஸுக்குத்தான் வந்துச்சு.

கிளாஸ் முடிஞ்ச உடனே

ஸ்டாஃப் ரூமுக்குப் போறதுக்குள்ள நோட்டுல ரெண்டு வரி எழுதிடுங்க, எந்தக் கேள்விக்கு எத்தன பேர் தப்பா சொன்னாங்க, டூலுக்கு எத்தன நிமிஷம் போச்சு. 15 நிமிஷம் செட்டப், 5 நிமிஷம் பாடம்னு வந்துச்சுன்னா அந்த டூல அடுத்த மாசம் வரைக்கும் தொடாதீங்க. ஒரு டூலயே மூணு நாலு கிளாஸ் ஓட்டுங்க, பசங்களுக்கும் பழகும் உங்களுக்கும் பழகும், அப்புறம் அடுத்தது. லேம்ப் வச்ச பழைய ப்ரொஜெக்டர்னா ரிமோட்ல ஆஃப் பண்ணிட்டு ஃபேன் சத்தம் நிக்கற வரைக்கும் மெயின் ஸ்விட்ச்ச அணைக்காதீங்க, சூடு ஆறணும்.

அப்படியே பென்டிரைவ எடுத்துட்டீங்களான்னு பாத்துக்கோங்க. நான் இதுவரைக்கும் மூணு விட்டுட்டு வந்திருக்கேன்.